9-ம் நம்பரும் 22-ம் நம்பரும் இடம் மாறினால் ரத்த புற்றுநோய்! பிளஸ்-2, நீட் மாணவர்களுக்கு விளக்கம்

பிளஸ்-2 உயிரியல் ஆகட்டும், நீட் ஆகட்டும், புற்றுநோய் பாடத்தை தாண்டி போக முடியாது. வாயில் நுழையாத பெயர்களை மனப்பாடம் செய்தே மாணவர்கள் பலர் களைத்துப் போகிறார்கள். ஒரே ஒரு நோயை முழுசாக புரிந்து கொண்டால் மற்றது தானாக வரும். அதற்கு ஏற்றது சி.எம்.எல். என்கிற நாள்பட்ட ரத்த புற்றுநோய்.

உடம்பில் உள்ள செல்கள் எப்போது பிரிய வேண்டும் என்று உத்தரவு போடுவது ஜீன்கள். பிரியச் சொல்லும் நல்ல ஜீனுக்கு புரோட்டோ ஆங்கோஜீன் என்று பெயர். அது கெட்டுப்போய் ஓயாமல் உத்தரவு போட ஆரம்பித்தால் ஆங்கோஜீன். மோட்டார் சுவிட்ச் ஆப் ஆகாமல் மாட்டிக் கொண்டால் மேல்தொட்டி வழிந்து ஓடுமே, அந்த கதைதான்.

சுவிட்ச் எப்படி மாட்டுகிறது?

ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு ஸ்டெம் செல்லில் 9-ம் குரோமோசோமும், 22-ம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக் கொள்கின்றன. 9-ல் இருந்த ஏ.பி.எல். ஜீன், 22-ல் உள்ள பி.சி.ஆர். ஜீனுடன் சேர்ந்து விடுகிறது. (கொரோனா டெஸ்ட் பி.சி.ஆர். வேறு, இது வேறு. குழப்பிக் கொள்ள வேண்டாம்.)

ஏ.பி.எல். தயாரிப்பது டைரோசின் கைனேஸ் என்ற என்சைம். ஏ.டி.பி.யில் இருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்ற புரதங்களில் ஒட்டி, "பிரி, பிரி" என்று சேதி அனுப்புவது இதன் வேலை. தனியாக இருந்தவரை அடங்கி இருந்தது, ஜோடி சேர்ந்ததும் ஓய்வதே இல்லை. சாதாரணமாக 11 ஆயிரத்துக்குள் இருக்கும் வெள்ளை அணுக்கள் லட்சத்தை தாண்டி விடுகின்றன. மண்ணீரல் வீங்கி, இடது பக்க வயிறு கனக்கும். இது ஒட்டுவார் ஒட்டி அல்ல, பரம்பரையாக வருவதும் அல்ல.

குட்டையாகிப் போன 22-ம் குரோமோசோமை 1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கண்டுபிடித்தார்கள். பெயரும் பிலடெல்பியா குரோமோசோம். 9 என்று எழுதி மார்க்கை கோட்டை விடுபவர்கள் உண்டு. துண்டு இடம் மாறியதை 1973-ல் சொன்னவர் ஜேனட் ரவுலி என்ற பெண் விஞ்ஞானி.

சென்னையில் தொடங்கிய வழக்கு

ஏ.டி.பி. உட்காரும் பள்ளத்தில் முந்திக் கொண்டு போய் உட்காரும் மாத்திரைதான் இமாட்டினிப். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் பெரிய பரிசோதனையில் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு சுமார் 83 பேர் 10 ஆண்டுக்கு பிறகும் உயிரோடு இருந்தனர். அதற்கு முன்பு 5, 6 வருடம் தாண்டுவதே பெரிய பாடு.

ஆனால் விலை? கிளிவெக் என்ற பெயரில் நோவார்ட்டிஸ் நிறுவனம் விற்றது மாதத்துக்கு சுமார் ரூ.1.20 லட்சம். இந்திய கம்பெனிகள் தயாரித்தது ரூ.8 ஆயிரம் முதல் ரூ.10 ஆயிரம். மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-ல் நிராகரித்தது. பழைய மருந்தை லேசாக மாற்றினால் மட்டும் காப்புரிமை கிடையாது என்கிற 3(டி) சட்டப்பிரிவை எதிர்த்து தொடர்ந்த வழக்கை 2007-ல் சென்னை ஐகோர்ட்டு தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. ஏழை நோயாளிகள் பக்கம் நின்ற தீர்ப்பு இது. குறைந்த விலை மாத்திரைக்கு இருந்த ஆபத்து நீங்கியது.

வெள்ளை அணு எண்ணிக்கை இறங்கியதும் குணமாகி விட்டது என்று மாத்திரையை தாங்களாகவே நிறுத்தி விடுபவர்கள் இருக்கிறார்கள். கெட்ட ஸ்டெம் செல் மஜ்ஜையில் மிச்சம் இருக்கும். மாத்திரை பள்ளத்தை விட்டு எழுந்ததும் ஏ.டி.பி. மறுபடி உட்கார்ந்து விடும். டாக்டர் சொல்லாமல் ஒரு நாள் கூட விடக்கூடாது.