உலக்கையும் முறமும் காட்சிக்கு வந்தன!
ராமநகரம் அருகே ஒரு நாட்டுப்புற உலகம்

பெங்களூர்த் தமிழர்களுக்கு விடுமுறை நாள் என்றால் லால்பாக், கப்பன் பூங்கா, அதைவிட்டால் பன்னார்கட்டா. மைசூருக்குப் போகும் வழியில், சுமார் 53 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். உள்ளே நுழைந்திருக்க மாட்டார்கள். அதுதான் 'ஜானபத லோக'. நாட்டுப்புற உலகம் என்று பொருள்.

கர்நாடக கிராமத்து மக்கள் அன்றாடம் புழங்கிய பொருள்களை 15 ஏக்கர் பரப்பில் சேர்த்து வைத்திருக்கும் அருங்காட்சியகம் இது. இதை உருவாக்கியவர் எச்.எல். நாகேகவுடா. மாண்டியா மாவட்டம் நாகமங்கல வட்டாரத்தில் 1915-ல் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பணியாற்றியவர். நாட்டுப்பாடல்களைத் தேடி ஊர் ஊராகச் சென்று ஒலிப்பதிவு செய்தவர். 1979-ல் கர்நாடக ஜானபத பரிஷத்தைத் தோற்றுவித்தார். அதன் சார்பில் 1994-ல் ஜானபத லோக திறக்கப்பட்டது. நாகேகவுடா 2005-ல் காலமானார்.

'லோக மகால்' என்ற மாடிக் கட்டடத்தில் உழவுக் கருவிகள், வாத்தியங்கள், முகமூடிகள், தோல் பொம்மைகள் இருக்கின்றன. வெளியே நடுகற்கள். பெண்கள் புழங்கிய சாமான்களுக்குத் தனிக்கூடம். குயவர் சக்கரம், எண்ணெய்ச் செக்கு, கரும்பாலை போன்றவை ஒரு பக்கம்.

படித்தவன் பேரன்; தெரிந்தவர் பாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே பாட்டி. திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகிப் பெங்களூர் வந்தவர் அவர்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன் கன்னடப் பெயர்களைத் தங்குதடையின்றிப் படித்தான். "ஒனகெ... மொர... ஒரளு..." ஆனால் எது எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. பொருளைப் பார்த்ததும், "இது உலக்கைடா. அது முறம். இது உரல்" என்று அடுக்கினார்.

"ஆயா, ரெண்டு பாஷையிலேயும் கிட்டத்தட்ட ஒரே பேர்தான்!" என்றான் பையன். நுகத்தடியைப் பார்த்தபோது அவனே முந்திக்கொண்டான்: "இது நொக!"

கேழ்வரகு திரிக்கும் கல் அருகே பாட்டி நின்றுவிட்டார். "விடியக்காலம் எழுந்து இதுல அரைச்சாத்தான் அன்னிக்குக் களி. கையெல்லாம் காய்ச்சுப் போகும். மெஷின் வந்தது நல்லதுதான்" என்றார்.

"இதையெல்லாம் ஏன் ஆயா எங்களுக்குச் சொன்னதே இல்லை?" என்று கேட்டாள் பேத்தி.

"நம்ம வீட்டுல இந்தக் கல்லு எங்கடி இருக்கு, காட்டிச் சொல்றதுக்கு?" என்றார் பாட்டி.

சிந்திக்க வேண்டிய பேச்சு இது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் சட்டி பானையோடு வந்தார்கள். ஏரும் உரலும் ஊரிலேயே நின்றுவிட்டன. பொருள் கண்ணில் படாதபோது அதன் பெயரும், அதோடு சேர்ந்த அனுபவமும் வாய்க்கு வருவதில்லை. அந்தத் தலைமுறை போய்விட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இருக்காது.

ஒரு வீட்டுச் சாமானில் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கும். சித்திரதுர்க்கக் கோட்டைக்குள் பாறை இடுக்கு வழியாகப் புகுந்த ஹைதர் அலியின் வீரர்களை ஓபவ்வா என்ற பெண் உலக்கையாலேயே அடித்து வீழ்த்தினாள் என்று கன்னடர்கள் பெருமையோடு சொல்வார்கள். முறத்தால் புலியை விரட்டிய பெண்ணைத் தமிழர்களுக்குத் தெரியும். அந்த உலக்கையும் முறமும் எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

எப்படிப் போவது?

பெங்களூர்-மைசூர் பாசஞ்சர் ரயில்கள் ராமநகரத்தில் நிற்கும். அங்கிருந்து சென்னபட்டணம் போகும் சாலையில் சில கிலோமீட்டர் தூரம்; ஆட்டோவில் போகலாம். காரில் போகிறவர்கள் 2023-ல் திறக்கப்பட்ட விரைவுச் சாலையை விட்டுவிட்டுப் பழைய சாலையில் போக வேண்டும். பிடதியில் தட்டு இட்லி சாப்பிடலாம். 1975-ல் வெளிவந்த 'ஷோலே' படம் எடுத்த பாறைக் குன்றுகளை வழியில் பார்க்கலாம். திரும்பும்போது சென்னபட்டணத்து மர பொம்மைகள் வாங்கி வரலாம்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலையிலேயே போய்விடுவது நல்லது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், நடக்க முடியாது என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். மெதுவாகவாவது அழைத்துப் போங்கள். அங்கே பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல அவர்களைவிடத் தகுந்த ஆள் கிடையாது.