திரையில் சட்டம், ஸ்டேஷனில் சந்தேகம்

2024 ஜூன் 30 இரவு 11.50-க்கு ஒரு பைக் திருடு போயிருந்தால், அது இந்திய தண்டனைச் சட்டம் 379. அதே தெருவில் 12.10-க்கு இன்னொரு பைக் போயிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 303(2). நடுவில் இருந்தது இருபது நிமிடம்தான். புதிய சட்டத்தில் நாட்டிலேயே முதலில் பதிவானதும் ஒரு பைக் திருட்டுதான், குவாலியரில், என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார். ஜூலை 1 காலை செய்திச் சேனல்கள் முதல் வழக்கு என்று ஓட்டிக்கொண்டிருந்தது வேறொன்றை. டெல்லி கமலா மார்க்கெட் காவல் நிலையத்தில் ஒரு தெருவோர வியாபாரி மீது, பாதையை மறித்தார் என்று 285-ஆம் பிரிவில் போட்ட வழக்கு அது. அந்த வழக்கைப் பிறகு கைவிட்டுவிட்டார்கள்.

1860-இல் வந்த தண்டனைச் சட்டம், 1872-இல் வந்த சாட்சியச் சட்டம், 1973-இல் திருத்தி எழுதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். மூன்றும் ஒரே நாளில் விலகி, மூன்று புதிய சட்டங்களுக்கு வழிவிட்டன. தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆகின. கொலைக்கு 302 போய் 103 வந்தது. ஏமாற்றுக்காரனைக் குறிக்க நம் சினிமாக்காரர்கள் காலம்காலமாகச் சொல்லிவந்த 420-கூட இப்போது 318(4). (வசனத்தில் இது எடுபடாது.) ஸ்டேஷன் ரைட்டர் ஒருவருக்கு இந்தப் பழைய எண்கள் எல்லாம் விரல் நுனியில் இருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் பழையதை மறக்கவும் முடியாது. ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றம் என்றால் இன்றைக்குப் புகார் வந்தாலும் பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவுதான். ஆக, இரண்டு அட்டவணையும் ஒரே மண்டையில் இருக்க வேண்டும்.

குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தது 2023 டிசம்பர் 25. அமலுக்கு வந்தது ஆறு மாதத்தில். அதற்குள் 5.65 லட்சத்துக்கும் மேற்பட்ட காவல், சிறை, தடயவியல், நீதித்துறை, அரசு வழக்குத் துறையினருக்குப் பயிற்சி கொடுத்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. இத்தனை பேரை ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமி மாதிரியான இடங்களுக்கு வரவழைத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஸ்டேஷனில் யார் இருப்பார்கள்? எனவே வகுப்பு திரைக்குப் போனது. மத்தியக் காவல் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பிரிவு நேரலை வகுப்புகள் நடத்தியது. அரசு ஊழியர்களுக்கான ஐகாட் கர்மயோகி தளத்தில் பதிவுசெய்த பாடங்கள் ஏறின. சைபர் குற்றப் புலனாய்வுக்குப் போலீஸாருக்கும் நீதித்துறையினருக்கும் பொதுவாக சைட்ரெய்ன் என்ற தளம் ஏற்கெனவே இருந்தது.

எண்ணிக்கையில் மயங்கும் பழக்கமும் கூடவே வந்தது. 2024 ஜூன் 21 அன்று கிராம ஊராட்சி, மகளிர் நலத்துறைக் களப்பணியாளர்களுக்காக நடந்த ஹிந்தி இணையவழிக் கூட்டத்தில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள் என்றது அரசு. நான்கு நாள் கழித்து ஆங்கிலத்தில் இன்னொன்று. அதில் சுமார் 50 லட்சம். அறிவிப்பாக இதை ஏற்கலாம். பயிற்சி என்று எப்படிச் சொல்வது? 40 லட்சம் பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் யார் கை தூக்குவது, யார் பதில் சொல்வது?

அப்படியானால் பதிவுசெய்த வீடியோவே போதுமே, அவரவர் நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள். போதாது. 2024 ஜனவரி தொடக்கத்தில் ஒரு பேராசிரியர் விபத்து வழக்குகளைப் பற்றி அருமையாகப் பாடம் எடுத்துப் பதிவேற்றியிருந்தால், மோதி ஒருவர் இறந்த பிறகு தகவல் சொல்லாமல் ஓடினால் நியாய சன்ஹிதா 106(2)-இன்படி பத்தாண்டு வரை சிறை என்று சொல்லியிருப்பார். லாரி ஓட்டுநர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். பிப்ரவரியில் வந்த அறிவிக்கையில் அந்த உட்பிரிவை மட்டும் அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்தார்கள். வீடியோ மட்டும் அப்படியே இருந்திருக்கும். இன்னொன்று: கைது தேவைப்படாத வழக்கில் ஆஜராகச் சொல்லி அனுப்பும், புதிய நடைமுறைச் சட்டத்தின் 35(3) நோட்டீஸ். எல்லாமே மின்னணு மயம் என்று பேசும் சட்டம்தானே, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்று பல ஸ்டேஷன்களில் நினைத்தார்கள். கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு நபரின் சுதந்திரம் சம்பந்தப்பட்ட காகிதம், முறைப்படி கையில் போய்ச் சேரவேண்டும். நேரலையில் ஆசிரியர் இருந்தால் மறுநாள் வகுப்பிலேயே இதைத் திருத்தலாம்.

நேரலையின் உண்மையான பலன் கேள்வி நேரத்தில்தான் கிடைக்கிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனையும் பறிமுதலும் ஒலி-ஒளிப் பதிவாக வேண்டும், செல்போனில் எடுப்பது விரும்பத்தக்கது, தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஸ்லைடில் மூன்று வரி. ஆனால் களத்தில் இருக்கும் எஸ்.ஐ. கேட்பது வேறு: "சார், என் சொந்த போன்ல எடுத்தா போனை கோர்ட்ல ஒப்படைக்கணுமா? அதுல என் குடும்ப போட்டோ எல்லாம் இருக்கே?" "மகஜர்ல சாட்சி கையெழுத்து போடறப்போ கேமரா ஓடணுமா?" "வீடியோ பாதியில நின்னுட்டா மறுபடி முதல்லேர்ந்து எடுக்கலாமா?" இவற்றுக்கெல்லாம் ஸ்லைடில் பதில் இருக்காது. தேசியத் தகவலியல் மையத்தின் இ-சாக்ஷ்யா செயலி, பதிவை இடம், நேரத்தோடு பூட்டி சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. போனைப் பற்றிய பயம் அதில் பாதி தீரும். அதையும் ஒருமுறை கூடவே உட்கார்ந்து செய்துகாட்டினால்தான் கை பழகும்.

இதைவிடச் சிக்கலானது, மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் கேட்கும் 63(4) சான்றிதழ். செயின் பறிப்பு ஒன்று. எதிரே இருக்கும் செல்போன் கடைக் கேமராவில் ஆள் தெளிவாக விழுந்திருக்கிறான். விசாரணை அதிகாரி (ஐ.ஓ.) பென்டிரைவில் காப்பி எடுக்கிறார். அந்தக் காப்பி கோர்ட்டில் நிற்க வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். இது கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 2020-லேயே தீர்ப்பாகிவிட்டது. புதிய சட்டம் அதை இரண்டாகப் பிரித்தது: முதல் பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவர், அதாவது கடைக்காரர், கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணர். கூடவே கோப்பின் ஹேஷ் மதிப்பையும், அது எம்.டி.5-ஆ, ஷா 256-ஆ என்ற விவரத்தையும் எழுத வேண்டும். ஹேஷ் என்பது, பறிமுதல் பொருளின் முடிச்சில் போலீஸ் வைக்கும் அரக்கு முத்திரை மாதிரி. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மொத்தமாக மாறிவிடும். கடைக்காரரோ, "கையெழுத்துப் போட்டா கோர்ட்டுக்கு அலையணுமே" என்று பின்வாங்குவார். அதற்குள் கேமராவின் பதிவுக் கருவி (டி.வி.ஆர்.) பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும். நிபுணர் என்றால் யார், மாவட்டத்துக்கு எத்தனை பேர், எத்தனை நாளில் கையெழுத்து வரும் என்பதெல்லாம் அடுத்த தலைவலி.

என் மனக்குறை இங்கேதான். இந்தச் சான்றிதழை வாங்குபவர் போலீஸ். சரிபார்ப்பவர் அரசு வழக்கறிஞர். ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்பவர் நீதிபதி. மூவரும் படிப்பது பெரும்பாலும் மூன்று திரைகளில். போலீஸுக்கு அவர்கள் அகாடமி, நீதிபதிகளுக்குச் சென்னையிலும் கோவை, மதுரை மையங்களிலும் மாநில நீதித்துறை அகாடமி, வழக்கறிஞர்களுக்கு அவர்கள் துறை. வழக்கு விழுவது எங்கே? ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் காகிதம் மாறும் இடத்தில். தென்காசி எஸ்.ஐ.யையும் அதே மாவட்ட உதவி அரசு வழக்கறிஞரையும் (ஏ.பி.பி.) சென்னைத் தடயவியல் நிபுணரையும் பஸ் செலவில்லாமல் ஒரே சதுரக் கட்டத்துக்குள் கொண்டுவரக்கூடிய ஒரே வசதி நேரலைதான். அதை வைத்துக்கொண்டும் பழைய மதில்களைத் திரையிலேயே திரும்பக் கட்டுகிறோம். நீதிபதியைப் போலீஸோடு சேர்த்து உட்காரவைப்பதில் ஒரு சங்கடம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு அதே எஸ்.ஐ. அவர் முன்னால்தான் சாட்சிக் கூண்டில் ஏறுவார். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரை அமர்த்தினால் அந்தச் சங்கடமும் தீரும். குறைந்தது ஐ.ஓ.வும் ஏ.பி.பி.யும் தடயவியலும் ஒரே வகுப்பில் இருக்க என்ன தடை?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடிக்காரர்கள் போலி ஸ்டேஷன் செட் போட்டு, சீருடை மாட்டி, பின்னணியில் வாக்கிடாக்கி இரைச்சலோடு வீடியோ காலில் வந்து மணிக்கணக்கில் ஒருவரை அசையவிடாமல் உட்காரவைக்கிறார்கள். நம் வகுப்பில் பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுப் பாரா பார்க்கிறார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. இரவு ரோந்து முடித்து வந்தவரைக் காலை பத்து மணிக்கு இணைப்பில் வரச் சொல்கிறார்கள். நடுவில் திருவிழா பந்தோபஸ்து, ரிமாண்ட் வழிக்காவல். போனைச் சட்டைப்பையில் போட்டபடி ஜீப்பில் போகிறவர் பெயரும் வருகைப் பட்டியலில் விழுந்துவிடுகிறது. முப்பது பேருக்கு மேல் போகாத வகுப்பு, ஸ்லைடுக்குப் பதிலாக அந்த உட்கோட்டத்திலேயே முடிந்துபோன ஒரு வழக்குக் கட்டு, வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு 63(4) படிவத்தையாவது நிரப்பிக் காட்டுவது என்று வைத்தால், ஒன்றரை மணி நேரத்தில் நிறைய நடக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பந்தோபஸ்துபோலவே டியூட்டியாகப் பொது நாட்குறிப்பில் எழுதி, அவர் இடத்தில் வேறொருவரைப் பாராவுக்கு நிறுத்தும் அதிகாரத்தையும் இன்ஸ்பெக்டருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்.