கான்கிரீட் வெட்டும்போது பறக்கும் வெள்ளைத் தூசி: ஆபத்து என்ன? தடுப்பது எப்படி?

ராயபுரத்தில் இருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை ஒருமுறை பைக்கில் போனால், வழியில் எங்காவது கான்கிரீட் வெட்டும் சத்தம் காதில் விழும். குடிநீர் இணைப்புக்காக சிமெண்ட் தெருவை அறுப்பார்கள். மாடி எடுக்கும் பழைய வீட்டில் சுவரை உடைப்பார்கள். கன்டெய்னர் யார்டில் தரையைப் பெயர்ப்பார்கள். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. கொசஸ்தலையாறு வடிநிலத்தில் மழைநீர் வடிகால் பணி நடந்தது. துறைமுகச் சாலைகளில் வேலை ஓய்வதே இல்லை. வடசென்னையில் கான்கிரீட் கொட்டுவது எவ்வளவு நடக்கிறதோ, அதை வெட்டுவதும் அவ்வளவு நடக்கிறது.

வெட்டுபவரைச் சுற்றி வெள்ளைப் புகைபோல ஒன்று கிளம்பும். நாம் கர்ச்சீஃபால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து விடுவோம். வெட்டுகிறவர் அதற்குள்ளேயே 8 மணி நேரம் நிற்பார்.

2025 செப்டம்பர் 30-ம் தேதி எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து, வெளிமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் உயிரிழந்தனர். நாடு முழுக்க அது தலைப்புச் செய்தி ஆனது. தூசியால் வரும் மரணம் அப்படிச் செய்தி ஆவதில்லை. அது வர 10, 15 வருடம் ஆகும். அதற்குள் சைட் முடிந்திருக்கும், கான்ட்ராக்டர் மாறியிருப்பார், தொழிலாளி சொந்த ஊருக்குத் திரும்பியிருப்பார்.

பறப்பது வெறும் சிமெண்ட் தூசிதானா?

இல்லை. கான்கிரீட்டில் சிமெண்ட் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி ஜல்லியும் மணலும். ஆற்று மணல், கருங்கல் ஜல்லி, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் என எல்லாவற்றிலும் ‘குவார்ட்ஸ்’ என்ற கனிமம் உண்டு. இதுதான் படிக சிலிகா. கான்கிரீட்டிலும் சாந்திலும் இது 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம். டைல்ஸ், செங்கல், கிரானைட்டிலும் உண்டு. மாடுலர் கிச்சன் மேடைக்குப் போடும் செயற்கை குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்துக்கும் மேல்கூட இருக்கும். அந்தப் பலகையை வெட்டிய இளம் தொழிலாளர்கள் அடுத்தடுத்து நோயாளிகள் ஆனதால்தான், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதற்கு முழுத் தடை விதித்தது.

சரி, மெரினா மணலும் சிலிகாதானே? அதில் விளையாடும் பிள்ளைகளுக்கு ஏன் எதுவும் ஆவதில்லை? காரணம், துகளின் அளவு. கடற்கரை மணல் பெரிது. அது நுரையீரலின் ஆழம் வரை போகாது. ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் பிளேடு கல்லை மாவாக அரைத்துவிடுகிறது. அதில் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் ஏராளம். தும்மலோ சளியோ அவற்றைப் பிடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்துகள்கள் அதன் பிறகும் நீண்ட நேரம் காற்றில் மிதக்கும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நுரையீரலின் கடைசி முனையில் சிறு சிறு காற்றறைகள் இருக்கின்றன. அங்கே வரும் அந்நியப் பொருளை விழுங்கி அழிப்பது ஒரு வகை வெள்ளையணுக்களின் வேலை. கிருமியை விழுங்கினால் செரித்துவிடும். சிலிகாவை விழுங்கினால் அந்த அணுவே செத்துவிடும். துகள் மறுபடி வெளியே வரும், அடுத்த அணு அதை விழுங்கும். இப்படியே நடக்க நடக்க, அந்த இடத்தில் அழற்சி வந்து தழும்பு விழுகிறது. ஸ்பாஞ்ச் மாதிரி இருக்க வேண்டிய நுரையீரல் கெட்டியாகிறது. இதுதான் ‘சிலிகோசிஸ்’.

பொதுவாக 10 ஆண்டுகளுக்கு மேல் தூசியில் வேலை செய்தவர்களுக்கு இது வரும். தூசி அதிகம் என்றால் 5 முதல் 10 ஆண்டுகளிலேயே வரலாம். மிக மோசமான சூழலில் சில மாதங்களே போதும். முதலில் படியேறினால் மூச்சு வாங்கும். பிறகு விடாத வறட்டு இருமல். கடைசியில் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சுத் திணறல்.

இந்த நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. விழுந்த தழும்பு விழுந்ததுதான். இதோடு காசநோய் வரும் வாய்ப்பும் பல மடங்கு கூடுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மூச்சில் கலக்கும் படிக சிலிகாவை 1997-லேயே உறுதியான புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

எவ்வளவு தூசி ஆபத்து?

அமெரிக்காவில் 2016-ல் வந்த விதிப்படி, 8 மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக 0.05 மில்லிகிராம் சிலிகாவைத் தாண்டக் கூடாது. உடலுழைப்பு செய்பவர் ஒரு ஷிப்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றை மூச்சில் இழுப்பார். அப்படியென்றால் ஒரு நாளைக்கு மொத்தமே அரை மில்லிகிராம். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு. நம் நாட்டின் 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில், தூசியில் உள்ள குவார்ட்ஸ் அளவைப் பொறுத்து வரம்பைக் கணக்கிடும் முறை இருந்தது. அந்தக் கணக்குப்படி நம் வரம்பு தோராயமாக 0.1 மில்லிகிராம், அமெரிக்க வரம்பைப் போல் இரண்டு மடங்கு. மூடிய அறையில் தண்ணீர் ஊற்றாமல் கான்கிரீட்டை வெட்டினால், சில நிமிடங்களிலேயே இந்த வரம்பெல்லாம் காணாமல் போய்விடும்.

“கடல் காத்து இழுத்துட்டுப் போயிடும்” என்று சைட்டில் சொல்வதுண்டு. காற்று கொஞ்சம் உதவும்தான். ஆனால் பிளேடில் இருந்து கிளம்பும் தூசி முதலில் போவது, அரை அடி தூரத்தில் குனிந்திருப்பவரின் மூக்குக்கு. காற்று மிச்சத்தைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கொண்டு போகும்.

தமிழர்களுக்குப் புதிதல்ல

கோலார் தங்கவயல் சுரங்கங்களில் வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு உள்ளிட்ட மாவட்டங்களில் இருந்து போன தமிழர்கள். குவார்ட்ஸ் பாறையைத் துளைத்துத்தான் அங்கே தங்கம் எடுத்தார்கள். இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலில் மருத்துவரீதியாகப் பதிவானது அங்கேதான், 1930-களில். 1940-களில் ஏழாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது.

பிற்காலத்திலும் கதை மாறவில்லை. மத்தியப் பிரதேசப் பழங்குடியினர் பிழைப்புக்காக குஜராத்தின் கோத்ரா பகுதிக்குப் போய் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்தார்கள். ஊர் திரும்பி ஒவ்வொருவராக இறந்தார்கள். 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்கும்படி உச்ச நீதிமன்றம் 2016-ல் குஜராத் அரசுக்கு உத்தரவிட்டது. வேலை ஓரிடம், சாவு வேறிடம் என்பதால் இழப்பீட்டுக்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. எண்ணூரில் வேலை செய்துவிட்டு அசாமுக்கும் ஒடிசாவுக்கும் திரும்பும் இளைஞர்களுக்கும் இந்தச் சிக்கல் அப்படியே பொருந்தும்.

தடுக்க என்ன வழி?

முதல் வழி, வெட்டாமல் இருப்பது. பைப் எங்கே போகும், ஏசி துளை எங்கே வரும் என்று கான்கிரீட் போடும் முன்பே முடிவு செய்து ஸ்லீவ் வைத்துவிட்டால், பிறகு உடைக்கவே வேண்டாம்.

வெட்டியே ஆக வேண்டுமா? தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும். பிளேடு படும் இடத்தில் தொடர்ந்து தண்ணீர் விழுந்தால் தூசி பெருமளவு அங்கேயே சேறாகிவிடும். கையில் பிடித்து வெட்டும் இயந்திரத்துக்கு நிமிடத்துக்குக் குறைந்தது அரை லிட்டர் தேவை என்கிறது பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை.

“குடிக்கவே தண்ணி இல்ல, இதுக்கு எங்க போறது?” என்ற கேள்வி வடசென்னையில் நியாயமானது. ஆனால் கணக்குப் போட்டால், ஒரு மணி நேரத்துக்கு 30 லிட்டர். இரண்டு குடம் தண்ணீர்! கான்கிரீட் கலக்கவும் நனைக்கவும் ஆகும் தண்ணீருக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. மக்கில் அவ்வப்போது தெளிப்பது பத்தாது. பிளேடுக்கே தண்ணீர் வரும் குழாய் இணைப்பு வேண்டும்.

ஒயரிங்குக்குக் காடி எடுப்பது போன்ற வேலைகளில் தண்ணீர் விட முடியாது. அங்கே தூசியை அப்போதே உறிஞ்சும் மூடியும், ஹெப்பா ஃபில்டர் கொண்ட வாக்குவமும் இணைத்த இயந்திரம் வேண்டும்.

மாஸ்க் போட்டால் போதாதா?

போதாது. மாஸ்க் கடைசிப் பாதுகாப்பு. கர்ச்சீஃப், துண்டு, சர்ஜிகல் மாஸ்க் எதுவும் இந்த நுண்துகளைத் தடுக்காது. குறைந்தது என்95 வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் இடைவெளி வழியாகத் தூசி உள்ளே போய்விடும். வியர்வையில் ஊறிய மாஸ்க்கை ஒரு வாரம் போடுவதில் பயனில்லை.

தூசி தவிர வேறென்ன ஆபத்து?

* பிளேடு சிக்கினால் இயந்திரம் நொடியில் முகத்தை நோக்கித் திமிறும். “கார்டு இருந்தா வெட்டுறது தெரியல” என்று பாதுகாப்பு மூடியைக் கழற்றுவதுதான் பல விபத்துகளின் தொடக்கம்.
* இயந்திரத்தின் வேகத்துக்கு ஏற்ற பிளேடு வேண்டும். குறைந்த வேகத்துக்கான பிளேடை அதைவிட வேகமாகச் சுழலும் கிரைண்டரில் மாட்டினால் உடைந்து தெறிக்கும்.
* தண்ணீரும் கரண்டும் சேரும் இடம் இது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத இணைப்பில் ஈர வெட்டு வேண்டவே வேண்டாம்.
* தெருவுக்கு அடியில் மின்கேபிள், சுவருக்குள் ஒயர், ஸ்லாபுக்குள் கம்பி என எது எங்கே ஓடுகிறது என்று வெட்டும் முன்பே பார்க்க வேண்டும். பீமையோ தூணையோ இன்ஜினியர் சொல்லாமல் தொடக் கூடாது.
* பெட்ரோல் கட்டரை மூடிய இடத்தில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.
* சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதுக்கும் பாதுகாப்பு தேவை.

வெட்டி முடித்த பிறகு?

ஆபத்து அத்தோடு முடிவதில்லை. கீழே படிந்த தூசியை விளக்குமாறால் பெருக்கினால் மறுபடி பறக்கும். பெரும்பாலும் அந்த வேலை பெண் சித்தாளுக்குத்தான் வரும். நனைத்துத்தான் கூட்ட வேண்டும். கம்ப்ரஸர் காற்றால் உடையை ஊதவே கூடாது. சேற்றை மழைநீர் வடிகாலில் தள்ளினால் அது அங்கே இறுகி அடைக்கும். தெருவில் விட்டால் காய்ந்து மறுபடி தூசியாகும். அள்ளிக் கட்டிடக் கழிவோடு சேர்க்க வேண்டும். வேலை உடையை மாற்றாமல் வீட்டுக்குப் போனால் தூசியும் கூடவே போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிலிகோசிஸ், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய். தொழிற்சாலைகள் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அப்படித்தான். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இது இருந்தது. ராஜஸ்தான் 2019-ல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்திருப்பது பின்னாளில் ‘நான் இந்த வேலைதான் செய்தேன்’ என்பதற்கு ஒரு சான்று.

இருமலோடு போகும் தொழிலாளிக்கு எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்தால், அது காசநோய் என்று தவறாகக் கணிக்கப்படும் வாய்ப்பும் அதிகம். ஸ்டான்லி மருத்துவமனைக்கோ ஓட்டேரி அரசு நெஞ்சக மருத்துவமனைக்கோ போகும்போது, “எத்தனை வருஷமா கான்கிரீட் வெட்டுற வேலை செய்யறேன்” என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரி சிகிச்சையையும் மாற்றலாம், இழப்பீட்டையும் தீர்மானிக்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சைட் இன்ஜினியர் என்றால், தண்ணீர் இணைப்புள்ள கட்டர், என்95, ஆர்சிசிபி மூன்றையும் ஒப்பந்த விலையிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் “பட்ஜெட் இல்ல சார்” என்றுதான் பதில் வரும். ஃபிளாட்டில் வேலை நடக்கிறதென்றால், வெட்டுவதற்கு முன் அறைக் கதவை மூடி, தண்ணீர் எடுத்துக் கொடுத்து, “ஈரமா வெட்டுங்க அண்ணே, லேட் ஆனாலும் பரவாயில்ல” என்று சொல்லுங்கள். அவசரப்படுத்துவது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். அந்த அவசரம் இல்லை என்று தெரிந்தால், இரண்டு குடம் தண்ணீருக்கு யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.