சாதிச் சான்றிதழ் இல்லாட்டியும் வக்கீல் உண்டு

‘ஜெய்பீம்’ பார்த்திருப்பீங்க. படத்துல அவர் இருளர். நிஜத்துல, 1993-ல விருத்தாசலம் பக்கம் போலீஸ் அடிச்சு இறந்துபோன ராஜாகண்ணு, குறவர். இந்த வித்தியாசம் முக்கியம். இருளர் பழங்குடிப் பட்டியல்ல இருக்காங்க. குறவர்ல சில பிரிவு பட்டியல் சாதி, பல பிரிவு சீர்மரபினர். அதாவது வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தோட மிச்சம்.

1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் தரணும். பட்டியல்ல இல்லாதவங்க? காவல்ல இருக்கிற எவருக்கும் அதே உரிமை உண்டு. ‘சர்டிபிகேட் எங்க?’ன்னு யாராவது கேட்டா, இதைச் சொல்லுங்க.

கைதாகி 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும் (பயண நேரம் சேராது). அடிச்சிருந்தா அங்கயே வாய்விட்டுச் சொல்லணும். நான் இதை அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், நம்ம கொற்கை இருக்கிற இதே தூத்துக்குடி மாவட்டம். 2020-ல சாத்தான்குளத்துல, காயத்தோட இருந்த அப்பாவையும் மகனையும் ரிமாண்ட் பண்ணி கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினாங்க. ரெண்டு பேருமே இறந்துட்டாங்க. கடை வச்சிருந்த குடும்பத்துக்கே இந்த நிலைன்னா, சீர்மரபினர் குடும்பத்தை யோசிச்சுப் பாருங்க.

ஆள் எங்கன்னே தெரியலையா? ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனு போடலாம்; நமக்கு மதுரைக் கிளை. ராஜாகண்ணுவோட மனைவி போட்டதும் அதேதான். வக்கீலுக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் 15100.