பரலோகத்தில் தப்பு செய்ய முடியுமா?

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. இரண்டு வருடத்துக்கு முன், குடித்துவிட்டு ஒருவன் ஓட்டி வந்த லாரி மோதி அவர் மகன் இறந்துபோனான். பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பையன். துக்கம் விசாரிக்க வந்த போதகர் ஆறுதலாகத்தான் சொன்னார்: கடவுள் மனுஷனுக்குச் சுயசித்தம் கொடுத்திருக்கார், சிலர் அதைத் தப்பா பயன்படுத்துறாங்க. அக்கா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. போன மாதம் மொட்டைமாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஏன் தம்பி, பரலோகத்துல யாராவது குடிச்சிட்டு லாரி ஓட்டுவாங்களா?"

மாட்டாங்கக்கா.

"அப்ப அங்க யாருக்கும் சுயசித்தம் கிடையாதா? இருக்குன்னா, இங்கயும் அப்படியே படைச்சிருக்கலாம்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இறையியல் முறையாகப் படித்தவனல்ல நான். ஆனால் கேள்வி விடவில்லை. ஒரு மாதமாக வாசித்ததில் தேறியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

போதகர் சொன்ன வாதத்துக்கு வயது ரொம்ப அதிகம். கிறிஸ்தவத்தில் அதற்குப் பெரிய உருவம் கொடுத்தவர் அகஸ்டின் (354–430). இளமையில் ஒன்பது வருடம் போல மானிகேயர்களோடு இருந்தவர் அவர். நன்மை ஒரு சக்தி, தீமை இன்னொரு சக்தி, இரண்டும் ஆதியிலிருந்தே மோதுகின்றன என்பது மானிகேயர் கொள்கை. அதிலிருந்து வெளியே வந்ததும் அவருக்கு ஒரு சிக்கல். கடவுள் ஒருவரே, அவர் நல்லவர் என்றால் தீமை எங்கிருந்து வந்தது? 388இல் எழுதத் தொடங்கிய சுயசித்தம் பற்றிய நூலில் அவர் தந்த பதில்: படைக்கப்பட்ட சித்தத்தின் விலகலிலிருந்து.

இதை நவீன காலத்தில் நேராகத் தாக்கியவர் ஜே. எல். மாக்கி. 1955இல் 'மைண்ட்' என்ற தத்துவ இதழில் வந்த கட்டுரையில் அவர் கேட்டது ஏறக்குறைய அக்கா கேட்டதேதான். ஒரு மனிதன் ஒரு தடவை சுதந்திரமாக நல்லதைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், எல்லாத் தடவையும் அப்படியே தேர்ந்தெடுப்பதில் தர்க்க முரண் ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவர்களையே கடவுள் ஏன் படைக்கவில்லை? இதற்கு ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் விரிவாகப் பதில் சொன்னார். நான் சுதந்திரமாக என்ன தேர்ந்தெடுப்பேன் என்பது என் கையில் இருக்கிறது; கடவுளே அதைத் தீர்மானித்துவிட்டால் அது என் தேர்வே அல்ல. எனவே சுதந்திரமும் இருந்து தீமையே இல்லாத ஒரு உலகம், கடவுளாலும் தனியாக உண்டாக்க முடியாத ஒன்றாக இருக்கலாம். கவனிக்கவும், 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறார். தர்க்க முரண் இல்லை என்று காட்ட அது போதும். (புற்றுநோய்க்கும் சுனாமிக்கும் யாருடைய சுயசித்தம் காரணம் என்று கேட்டால், விழுந்துபோன தேவதூதர்கள் செய்வதாக இருக்கலாம் என்கிறார். தர்க்கத்துக்கு இடிக்காது. ஆனால் எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.)

சரி, பரலோகம்? இங்கேதான் எனக்கு ஆச்சரியம். அகஸ்டினே இதைத் தொட்டிருக்கிறார். 'கடவுளின் நகரம்' நூலின் 22ஆம் புத்தகத்தில், கிட்டத்தட்ட கடைசிப் பக்கங்களில். ஆதாமுக்கு இருந்தது பாவம் செய்யாமல் இருக்க முடிகிற சுதந்திரம். பரலோகத்தில் கிடைப்பது பாவம் செய்யவே முடியாத சுதந்திரம். இரண்டாவதுதான் பெரியது என்கிறார். கடவுளாலும்தான் பாவம் செய்ய முடியாது, அதற்காக அவருக்குச் சுயசித்தம் இல்லை என்போமா என்றும் கேட்கிறார்.

அன்செல்ம் (1033–1109) ஒரு படி மேலே போனார். தப்பு செய்ய முடிவது சுதந்திரத்தின் ஒரு பகுதியே அல்ல. நேர்மையை நேர்மைக்காகவே காத்துக்கொள்ளும் ஆற்றலுக்குத்தான் சுதந்திரம் என்று பெயர். முதலில் படிக்கும்போது வார்த்தை விளையாட்டாகத்தான் தெரிந்தது. பிறகு அக்காவையே நினைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அவரால் விஷம் வைக்க முடியுமா? கை இருக்கிறது, கடையில் எலிமருந்து இருக்கிறது. ஆனாலும் அவரால் முடியாது. அதனால் அவர் சுதந்திரம் இல்லாதவர் என்று யாராவது சொல்வார்களா?

ஆக, தீமை இல்லாமல் சுதந்திரம் இருக்க முடியும் என்று இந்த மரபே ஒப்புக்கொள்கிறது. கடவுளிடம் இருக்கிறது, பரலோகத்தில் இருக்கிறது. சுதந்திரம் வேண்டுமென்றால் தீமையைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று துக்க வீட்டில் சொல்வது மரபின் பாதிதான்.

இந்தச் சிக்கலை ஒளிக்காமல் ஏற்றவர் மூன்றாம் நூற்றாண்டின் ஒரிஜென். சுதந்திரம் என்றும் இருக்கும் என்றால் மறுபடி விழுவதற்கான வாய்ப்பும் என்றும் இருக்கும், உலகங்கள் அடுத்தடுத்து வரலாம் என்று யோசித்தார். திருச்சபை அதை ஏற்கவில்லை. ஏற்றால் பரலோகமே நிச்சயமில்லாமல் போய்விடுமே!

மிச்சமிருக்கும் பதில் 'பாதை' பற்றியது. ஜான் ஹிக் 1966இல் எழுதிய நூலில் இதை வளர்த்தார். நல்லவராகவே செய்துவைக்கப்படுவது வேறு, தடுமாறி நல்லவராக ஆவது வேறு, இரண்டாவதற்கு மதிப்பு அதிகம் என்கிறார். எனக்கு இதுதான் பிடித்த பதில். ஆனால் ஒரு இடத்தில் முட்டுகிறது. ஞானஸ்நானம் பெற்ற பச்சைக் குழந்தை இறந்தால் மோட்சம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. அந்தக் குழந்தை எந்தப் பாதையில் நடந்தது? எதில் தடுமாறியது? நடக்காமலே அங்கே போக முடியும் என்றால், பாதை அவசியம் என்று சொல்வது கஷ்டம்.

சைவ சித்தாந்தம் வேறு வழியில் போகிறது. ஆணவம் யாரும் படைத்ததல்ல; செம்பில் களிம்பு போல உயிரோடு அனாதியாக இருப்பது. முத்தியிலும் அது அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது. கடவுள் ஏன் தீமையைப் படைத்தார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் படைத்தார் என்று சொல்லும் மதங்களுக்கு இந்த வசதி கிடையாது.

வாசித்ததில் பெரும்பாலும் காணாத ஒன்று என்னை உறுத்துகிறது. அன்றைக்கு ரோட்டில் இரண்டு சித்தங்கள் இருந்தன. ஒருவனுக்குக் குடித்துவிட்டு ஓட்ட ஆசை, பையனுக்கு வீட்டுக்கு வர ஆசை. இந்த வாதம் முதலாவது சித்தத்தைத்தான் காப்பாற்றுகிறது. இரண்டாவது என்ன ஆயிற்று என்று அது கேட்பதே இல்லை.

பிளான்டிங்கா ஒரு விஷயத்தில் நேர்மையானவர். இந்த வாதம் துயரத்தில் இருப்பவருக்கு உதவுவதற்காகச் செய்யப்பட்டதல்ல என்று அவரே எழுதியிருக்கிறார்.

போன ஞாயிறு அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். சுருக்கமாகத்தான். அகஸ்டினே இதைக் கேட்டிருக்கார்க்கா என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "அவரு பெரிய ஆளா?" ரொம்பப் பெரிய ஆளுக்கா. "அப்ப நான் கேட்டதுல தப்பில்ல." பிறகு எழுந்துபோய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

அன்செல்ம் சாத்தானின் வீழ்ச்சி பற்றித் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஒரே இயல்போடு படைக்கப்பட்ட தூதர்களில் சிலர் நின்றார்கள், சிலர் ஏன் விழுந்தார்கள்? பாதி படித்திருக்கிறேன். முடித்ததும் எழுதுகிறேன்.