தும்பிக்கை தொங்கிய 'லை'!

போன பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் பண்ண ஏறினேன். துருப்பிடித்த கம்பியில் குத்தி வைத்த பழைய கடிதங்கள்! முதல் கார்டில் 'அனுப்புநர்' பார்க்கவே தேவையில்லை. 'ழ'வுக்குப் போட்டிருந்த நீள வாலே சொல்லிவிட்டது... அப்பா!

மைப்பேனாவால் எழுதுவார். இறங்குகிற கோடு தடிப்பாக, ஏறுகிற கோடு மெல்லிசாக ஓடும். உச்சியில் பிள்ளையார் சுழி. கோபம் வந்தால் புள்ளி வைக்கிற இடத்தில் காகிதம் ஓட்டையாகிவிடும்!

1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து, ணை, லை, ளை, னை உள்பட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பெரியார் 1935-லிருந்தே 'குடிஅரசு' இதழில் பயன்படுத்திய வடிவங்கள் அவை. அப்பாவோ கடைசிவரை யானை தும்பிக்கை தூக்கிய மாதிரி பழைய 'லை'தான். "அரசாங்கம் மாத்தலாம், என் கை மாறாதுடா!" என்பார்.

கை ஒரு தினுசான சாட்சி சார்! 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் காந்திஜி 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார். வலது கை ஓய்ந்ததும் இடது கைக்கு மாறினார். மொத்தம் 275 பக்கம், அதில் 40 பக்கம் இடது கை. அச்சான புத்தகத்தில் அந்தக் களைப்பு தெரியாது. கையெழுத்துப் பிரதியில் தெரியும்.

கம்பியின் மேலே இருந்தது கடைசி இன்லண்ட். நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது வந்தது. 'இவ்விடம் யாவரும் க்ஷேமம். எனக்கு ஒன்றுமில்லை. கவலைப்படாதே.' அன்றைக்குப் படித்துவிட்டு, "சரி, அப்பா நல்லாத்தான் இருக்கார்" என்று மடித்து வைத்துவிட்டு மாட்னி ஷோ போனேன். இரண்டே மாதத்தில் தந்தி வந்தது.

இப்போது பார்க்கிறேன். வரிகள் வலது பக்கம் சரிந்து இறங்குகின்றன. 'ஒன்றுமில்லை', 'கவலை'... இரண்டு 'லை'யிலும் தும்பிக்கை தொங்கிக் கிடக்கிறது. வார்த்தை பொய் சொல்லியிருக்கிறது. கை சொல்லவில்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

வாட்ஸ்அப்பில் 'ஐ ஆம் ஃபைன்' என்று வந்தால், காய்ச்சலில் அடித்ததா, கல்யாண வீட்டில் அடித்ததா... யார் கண்டது?

அன்று ராத்திரியே புனேயில் வேலை பார்க்கும் மகனுக்கு இன்லண்டில் நாலு வரி எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் போன்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா? எழுத்தெல்லாம் ஆடுதே?"

"போடா! பஸ்ல உக்காந்து எழுதினேன்!"

சிரித்தேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி... பயல் படிக்கத் தெரிந்தவன்!