இருநூறு கிலோமீட்டரும் இரண்டு வாழைப்பழமும்

"ஷுகர் எல்லைக்கோட்டுல நிக்குது ஸார்" என்றார் டாக்டர். அப்பாவுக்கு இதே ஷுகரில்தான் கால் விரல் போனது. அந்த வாரமே சைக்கிள் வாங்கிவிட்டேன். (பி.காம்.காரன், மாத்திரைச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான்!)

இலக்கு, 'ப்ரெவே'. பாரிஸ் ஆடாக்ஸ் கிளப் விதிப்படி உலகமெங்கும் நடக்கிற சவாரி. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கணும். முதல் பரிசெல்லாம் கிடையாது. மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வரவில்லையே? 'ப்பூ!' என்றேன்.

முதல் ஞாயிறு, திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை ராஜா மாதிரி போனேன். திரும்பும்போது கோவளம் பக்கம் கை நடுங்கி, கண் இருட்டி, டீக்கடை பெஞ்சில் சாய்ந்துவிட்டேன்.

"காலைல என்ன தம்பி சாப்பிட்டே?" - கடைக்காரப் பெரியவர்.

"காபி."

இரண்டு வாழைப்பழமும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் நீட்டினார். டாக்டர் முகம் ஞாபகம் வர, கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

அப்புறம்தான் விசாரித்தேன். உடம்பின் மாவுச்சத்துச் சேமிப்பு சில மணி நேரத்துக்குத்தான் வருமாம். பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிடணும். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகம் போதும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கணும். என் சீட் ரொம்பத் தாழ்வு, முழங்கால் வலிக்கு அதுதான் காரணம். டாக்டரிடமும் கேட்டேன். "சவாரியில சாப்பிடுங்க, வீட்டுல ஸ்வீட்டை விடுங்க" என்றார். இரண்டாவதுதான் கஷ்டம்!

ஞாயிறுதோறும் பத்துப் பத்தாகக் கூட்டினேன். ஆறாவது மாதம், 13 மணி 5 நிமிஷத்தில் 200 முடிந்தது.

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "அடுத்தது 300. இருபது மணி நேரம்."

"ராத்திரியிலுமா?" என்றவர், இன்னும் இரண்டு பழம் பிய்த்து வைத்தார்.